இருபத்திரண்டாவது கோப்பு

டாக்டர் விசாலாக்ஷியைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள், "நல்ல கைராசி, ஆனா முன்கோபி" என்பார்கள். முன்கோபமாம்! பத்து வருஷமாக ஒரே விஷயத்துக்காகக் கொதித்துக்கொண்டிருப்பவருக்கு என்ன முன்கோபம்? அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈரோட்டுக்காரர். ஜெர்சி சிட்டிக்குப் பக்கத்தில் ஏழைகள் வருகிற ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்பவர். 1990இல் சேர்ந்த நாள் முதல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நோய், ஒரே கட்டம். வெள்ளைக்காரப் பெண்கள் பிழைத்தார்கள், கறுப்பினப் பெண்கள் செத்தார்கள். ஏன் என்று கேட்டால் துறைத்தலைவர் தோளைக் குலுக்குவார். அவர்கள் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள், அவர்கள் கலாசாரம் அப்படி என்பார். கோப்புகளிலும் 'நோயாளி மறுத்தார்' என்றுதான் இருந்தது.

1998இல் என்னைக் கூப்பிட்டார். நான் கோவையில் ஸ்டாடிஸ்டிக்ஸ் எம்.எஸ்ஸி. முடித்தவள். கணவரின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போகக் கூடாது. சம்பளமில்லாமல் பழைய கோப்புகளைத் தூசி தட்டலாம். எட்டு வருஷத்துக் கோப்புகளில் 'மறுத்தார்' என்று எழுதப்பட்டவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் முப்பத்தாறு பேர் கறுப்பினத்தவர். டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களின் பிள்ளைகளைக் கேட்டார். பாதிப் பேர் சொன்னது ஒன்றேதான்: ஆபரேஷன் வேண்டுமா என்று யாரும் எங்களைக் கேட்கவே இல்லை.

ஒவ்வொரு கோப்பிலும் 'மறுத்தார்' என்று எழுதிய டாக்டர் யாரென்று குறித்து வைப்பது என் வேலை. இருபத்திரண்டாவது கோப்பு எர்லீன் என்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநருடையது. வயது அறுபத்தொன்று, வருஷம் 1994. "மகளிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றிருக்கிறார். அதன் கீழே 'மறுத்தார்'. கையெழுத்து விசாலாக்ஷியுடையது.

கோப்பை அவர் முன்னால் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"மேடம், நம்ம ஊர்ல வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னா வேணாம்னுதானே அர்த்தம்? பொண்ணு பாக்க வர்றவங்க சொல்லிட்டுப் போறதில்லையா? நீங்க அப்படி எடுத்துட்டீங்க. இதுல உங்க மிஸ்டேக் என்ன இருக்கு?"

எழுந்து போனார். எர்லீன் வந்த அதே மாதத்தில் தான் பார்த்த வேறொரு நோயாளியின் கோப்போடு திரும்பி வந்தார். புறநகரிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். "கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றிருக்கிறாள். கீழே இவர் கையெழுத்தில்: வியாழன் ஃபோன் செய்தேன். திங்கள் மறுபடி. புதன்கிழமை கணவரோடு பேசினேன். அடுத்த வரியில் ஆபரேஷன் தேதி.

"இவளுக்கு மட்டும் ஏன் மூணு வாட்டி கால் பண்ணேன்? சொல்லு ஜலஜா. நம்ம ஊர் வழக்கம் இவகிட்ட எங்க போச்சு?"

"எட்டு வருஷமா நம்ம ஹெட்டைத் திட்டிட்டு இருந்தேன் பாரு," என்றார். காறித் துப்புகிற குரல் அது.

விஷயம் துறைத்தலைவருக்கு எட்டியது. டாக்டரின் பெயர் அப்போது பேராசிரியர் பதவிக்குப் பரிசீலனையில் இருந்தது. அந்த ஒரு கோப்பை எடுத்துவிடுங்கள், நாற்பது பேர் என்றாலும் முடிவு மாறாது என்று இதமாகச் சொல்லி அனுப்பினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது சரியென்றே பட்டது.

எர்லீன் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு மகள் டாரதியின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றே கோப்பைக் காட்டி நடந்ததைச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். டாரதி அழவில்லை. அவள் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"செய்துகொள் அம்மா என்று நான் சொன்னேன். மறுநாளே சரி என்று சொல்ல உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நீ மறுத்தவள் என்று எழுதியிருக்கிறது, முதலிலிருந்து பதிவு செய் என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதற்குள் எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. மன்னிப்பை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? போய் உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சொல்லுங்கள்."

கதவைச் சாத்திவிட்டாள். சாத்தியது சரிதான் என்பேன்.

அடுத்த வாரத் துறைக் கூட்டத்துக்கு முன் டாக்டர் என்னிடம், "அந்த டேபிள் தலைப்புல 'மறுத்த நோயாளிகள்'னு இருக்குல்ல, அத அடிச்சிடு. ட்ரீட்மென்ட்ட மறுத்தது யாரோ அவங்க பேர போடு," என்றார். போட்டேன். இன்று 2001, அவர் இன்னும் பேராசிரியர் ஆகவில்லை. அதை எல்லோரும் சொல்வார்கள். கூட்டத்தன்று காலை நடந்ததை அந்த அறையில் இருந்த நான் சொல்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடைப் போட்டோம். 'சிகிச்சையை மறுத்த டாக்டர்கள்' என்ற தலைப்பின் கீழ் முதல் பெயர் விசாலாக்ஷி. எர்லீனின் கதையை முழுதாகச் சொன்னார். எழுதியது நான் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு பெயராக வாசித்தார். அந்தப் பெயர்க்காரர்கள் எல்லோரும் எதிரே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். துறைத்தலைவரின் பெயர் பதினோரு முறை வந்தது. ஏழாவது தடவையிலேயே அவர் எழுந்து, விளக்கைப் போடுங்கள் என்று கத்தினார்.

ஸ்விட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது. நான் போடவில்லை.