பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த மரம்

நெல்லித்தோப்பில் எங்கள் பக்கத்து வீட்டு ஜானகிராமனை ‘முசே’ என்று, பிரெஞ்சுக்காரர் ‘ஐயா’ என்பதுபோல, கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். சைகோனில் பிரெஞ்சுக்காரர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் ஊர் திரும்பியவர். மற்றவர்கள் அங்கிருந்து பட்டும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். இவர் தட்டையான தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பைன் மரத்தைக் கொண்டுவந்தார். இப்போது போன்சாய் என்கிறார்களே, அதுதான்.

பட்டை வெடித்து, பாளம் பாளமாகப் புடைத்து நிற்கும். “அந்தச் சொரசொரப்புதான் வெல. கை பட்டா உதுந்துடும்” என்பார். சொல்லிக்கொண்டே தடவியும் காட்டுவார். கிளைக்குக் கம்பி சுற்றுவார், தளிரைக் கிள்ளுவார், பழைய ஊசி இலைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். மனைவி அமிர்தவல்லி காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாரா என்றால், அதுதான் இல்லை.

அந்த வீட்டில் கல்யாணத்துக்கு மகள் சாந்தி இருந்தாள். பெண் பார்க்க யார் வந்தாலும் முசே நேராகத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், வெயிலில் நிற்கவைத்து மரத்தின் பெருமையை அளப்பார். பிறகு பூவாளியால் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். கூடத்தில் சாந்தி காப்பித் தட்டோடு நிற்பாள். ஒருமுறை மாப்பிள்ளையின் அம்மா, அழுக்கென்று நினைத்து, பட்டையை நகத்தால் சுரண்டிவிட்டார். ஒரு துண்டு விழுந்தது. முசே போட்ட கூச்சலில் அவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள்.

“எனக்கு எடம் அமையவே அமையாதாம்மா?” என்று சாந்தி அழுதது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அந்த மனுஷனுக்குக் கேட்கவில்லை. அவர் விழுந்த துண்டை ஒட்டிக்கொண்டிருந்தார்.

வேர் நனைந்தே கிடந்தால் பைன் அழுகிவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவரும் இவரேதான். ஆனாலும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக் காட்டாவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது. ஐம்பத்தெட்டு ஆவணியில் ஊசியெல்லாம் பழுப்பேறி மரம் செத்தது.

அந்த வாரம்தான் கதிர்காமத்து ராமலிங்கம் தன் மகனுக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

“சாவு விழுந்த ஊடு இது. வர வேணாம்னு சொல்லியனுப்பு” என்றார் முசே.

“மரந்தான செத்துச்சு? அவங்க வரட்டும். நீங்க தோட்டத்துலயே கெடங்க, அது போதும்” என்றாள் அமிர்தவல்லி.

பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காப்பி சூடாக இருந்தது. சாந்தியிடம் நாலு வார்த்தை பேசினார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் முகமே காட்டவில்லையே என்றுதான் ராமலிங்கத்துக்கு உறுத்தல். எழுந்து தோட்டத்துக்குப் போனார். கிணற்றடியில் முசே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

ராமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “கவலப்படாதீங்க முசே, உங்க பொண்ண எங்க ஊட்டுப் பொண்ணாட்டம் பாத்துக்குறோம்” என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே வந்து, இப்படிப் பாசமுள்ள சம்பந்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லி, அப்போதே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

அப்பா எதற்காக அழுகிறார் என்று சாந்திக்குத் தெரியும். அவளும் அழுதாள். அதையும் அவர்கள் பாசம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.