ஹமீமாவின் மூன்றாவது கியர்

கிழமையில் மூன்று நாள் நான் முட்டை லொறியில்தான் பள்ளிக்கூடம் போகிறேன். மாத்தளையில் இருந்து இரத்தோட்டை வரைக்கும் பஸ் தாராளமாக இருக்கிறது. அதற்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பாதையில், நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலைக்கு மணியடிக்கும் முன்பு கொண்டுபோய் விடக்கூடியவர் ஹமீமா ஒருவர்தான். நான்கு வருடமாக அந்த லொறியின் இடது பக்க இருக்கை எனக்கு. அதனால் இந்தக் கதையைச் சொல்லும் உரிமையும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

ஹமீமாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பல்லேபொலவில் கோழி வளர்ப்பவர்களிடம் முட்டை எடுத்து, மலையில் உள்ள கடைகளுக்குக் கொடுப்பது அவருடைய தொழில். கணவர் ஸஹாப்தீன் டவுனில் தையல்கடை வைத்திருக்கிறார். லொறியும் வியாபாரமும் முழுக்க ஹமீமாவுடையவை.

அவருடைய இடது கணுக்கால் மடங்காது. பதினொரு வருடத்துக்கு முன் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஒரு வான் வந்து மோதியது. எலும்பைச் சேர்க்க இரும்புத் தகடு வைத்தார்கள். நடக்கலாம், சற்றுச் சாய்ந்து நடப்பார். கிளச்சை மிதிக்க மட்டும் முடியாது. ஆகவே ஓட்டோ கியர் உள்ள சின்ன லொறி ஒன்றைத் தேடி, ஏழு மாதம் அலைந்து, குருநாகலில் கண்டுபிடித்து வாங்கினார். அதில் கிளச் மிதி கிடையாது. கியர்பொக்ஸுக்குள் ஓடும் ஒயிலின் அழுத்தமே கியரை மாற்றிக்கொள்ளும். வலது கால் ஒன்று போதும்.

போன வருடம் மாசி மாதம் அந்த லொறி எங்களைப் பயமுறுத்தியது. இரத்தோட்டை தாண்டி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் எண்பது தட்டு முட்டை. இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதுக்கு மாறும் நேரம், என்ஜின் மட்டும் கத்தியது, லொறி இழுக்கவில்லை. எண்ணெய் கருகிய மணம் வந்தது. வேகம் குறைந்து, நின்று, பின்னோக்கி நகரத் தொடங்கியது. எங்களுக்குப் பின்னால் பிள்ளைகளை ஏற்றிய வான் ஒன்று.

ஹமீமா பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, "டீச்சர், இறங்கி டயருக்குக் கல் வைங்க," என்றார். நான் கல் தேடி ஓடும்போதே வான்காரர் இரண்டு கல்லோடு வந்துவிட்டார். அரை மணி நேரம் சூடு ஆறவிட்டு, முதலாம் கியரிலேயே ஊர்ந்து போனோம். பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிட்டு, அவர் லொறியின் அடியில் குனிந்து பார்த்தார்.

ஹமீமா லொறியை மூன்று கராஜில் காட்டினார். மூன்றிலும் ஒரே பதில்: ஓட்டோ கியரைக் கழற்றி எறிந்துவிட்டு சாதாரண கியர்பொக்ஸ் போடுங்கள். அவர் காலைக் காட்டினார். "அப்ப டிரைவர் ஒருத்தரப் போடுங்க," என்றார்கள். வீட்டில் ஸஹாப்தீனும் அதையே சொன்னார், வேறு விதமாக. "உங்களுக்கு ஏதாவது ஆகிட்டா நானும் றிப்காவும் என்ன செய்றது?" றிப்கா அவர்களுடைய மகள். ஹமீமா இதைப் பிறகு என்னிடம் சொன்னார். "அவர் சொல்றது சரிதான் டீச்சர். ஆனா நான் அந்த சீட்டை விட்டு இறங்கினா திரும்ப ஏற மாட்டேன்னு தெரியும்."

பலாபத்வலையில் பவித்ரன் என்று ஒருவர் தனியாகக் கராஜ் நடத்துகிறார். முன்பக்கம் பலா மரம், பின்பக்கம் தகரக் கூரை, அவ்வளவுதான். நாலாவதாக ஹமீமா அங்கே போனார். நானும் கூடப் போனேன்.

பவித்ரன் லொறியைத் திறக்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்துவந்து, "அக்கா, எப்ப நழுவுது? நினைவு இருக்கிறதெல்லாம் சொல்லுங்க," என்றார்.

ஹமீமா சொன்னார். காலையில் குளிராக இருக்கும்போது நழுவாது. ஏற்றம் பாதி ஏறிய பிறகுதான். இரண்டில் இருந்து மூன்றுக்கு மட்டும். மூன்றில் இருந்து நான்குக்குப் போகும்போது இல்லை. வெறும் லொறியில் ஒன்றுமே தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிக்கும் வரைக்கும் என்ஜின் கத்தும், பிறகு பிடிக்கும். போன ஐப்பசியில் 'ஒன்று' என்று எண்ணும் முன்னமே பிடித்துக்கொண்டிருந்தது.

பவித்ரன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "எண்ணினீங்களா?"

"ஓட்டுறது நான்தானே தம்பி. எண்ணாம?"

பிறகு பவித்ரன் விளக்கினார். உள்ளே பல தகடுகள் ஒன்றோடொன்று அழுந்திப் பிடித்தால்தான் கியர் விழும். அழுத்திக் கொடுப்பது ஒயில். கியர் மாறுவது லொறிக்குள் இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்று, ஒயில் மெதுவாக அழுத்தும்படி செய்திருக்கிறார்கள். சமதரையில் அது சுகம். பாரத்தோடு மலை ஏறும்போது, பிடிக்கும் முன் தகடுகள் வழுக்குகின்றன. வழுக்கினால் சூடு, சூட்டில் தகடு தேயும், தேய்ந்தால் இன்னும் வழுக்கும்.

"இதை உறுதியா பிடிக்க வைக்கலாம் அக்கா. தகடு எரிஞ்சு போயிருக்காட்டி."

கியர்பொக்ஸைக் கழற்றிப் பார்த்தார். தகடு எரிந்திருக்கவில்லை; ஓரம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். அழுத்தத்தை மென்மையாக்கும் ஸ்பிரிங் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டார். மூன்றாவது கியருக்கு ஒயில் போகும் சின்னத் துளை ஒன்று மெல்லிய இரும்புத் தட்டில் இருந்தது. அதைத் துளைபோட்டுப் பெரிதாக்கினார். ஒயிலைக் குளிர்விக்க முன்பக்கத்தில் ஒரு சின்ன ரேடியேட்டரும் பூட்டினார்.

வெறும் லொறியை ஓட்டிப் பார்த்தபோது கியர் 'டக்' என்று விழுந்தது. ஹமீமாவுக்கு முகம் மலர்ந்தது. அடுத்த நாள் முட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மூன்றாவது கியர் விழுந்த ஒவ்வொரு தடவையும் யாரோ பின்னால் சம்மட்டியால் அடித்தது போல் இருந்தது. என் கழுத்து முன்னும் பின்னும் ஆடியது. இரத்தோட்டையில் நிறுத்திப் பார்த்தால், பின்கதவில் இருந்து மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது. பதினான்கு தட்டு முட்டை உடைந்து போயிருந்தது.

அப்படியே திருப்பிக் கராஜுக்குப் போனோம். எப்படிச் சண்டை வரப்போகிறதோ என்று நான் நினைத்தேன். பவித்ரன் பின்கதவைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

"துளையைப் பெருசா போட்டுட்டேன். தப்பு என்னோடது அக்கா. போட்ட துளையைச் சின்னதாக்க ஏலாது. வேற இரும்புத் தட்டு தேடணும்."

"இத்தனை கராஜுக்குப் போனேன் தம்பி, தப்பு என்னோடதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்க," என்றார் ஹமீமா. "தேடுங்க."

அந்த இரும்புத் தட்டு கிடைக்க ஒன்பது நாள் ஆனது. பவித்ரன் கண்டியிலும் பேராதனையிலும் தேடி, கடைசியில் கட்டுகஸ்தோட்டையில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடத்தில், அதே வகைக் கியர்பொக்ஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த ஒன்பது நாளும் முட்டை திரீவீலில் போனது. நானோ இரத்தோட்டையில் இருந்து நடந்து, இரண்டு நாள் பிந்திப்போய் அதிபரிடம் பேச்சு வாங்கினேன்.

இந்தத் தடவை பவித்ரன் துளையை மயிரிழை மயிரிழையாகப் பெரிதாக்கினார். ஒவ்வொரு தடவையும் தட்டைப் பூட்டி, ஒயில் ஊற்றி, முட்டைக்குப் பதிலாக மணல் மூட்டை ஏற்றி, ஹமீமாவையே ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்து போனார். "நான் ஓட்டினா எனக்குப் பிடிச்ச மாதிரி செஞ்சிடுவேன். நீங்கதான் சொல்லணும்." நான்கு தடவை கழற்றிப் பூட்டினார். நான்காவது தடவை ஹமீமா தலையை ஆட்டினார். "இப்ப பிடிச்சது தெரியுது. அடிச்சது தெரியல."

அந்த வெள்ளிக்கிழமை எண்பது தட்டோடு ஏறினோம். ஸஹாப்தீனும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்றத்தில் மூன்றாவது கியர் ஒரு சின்ன உந்தலோடு விழுந்தது. லொறி தயங்காமல் இழுத்தது. நான் பள்ளிக்கூடத்தில் இறங்கிக்கொண்டேன். அவர்கள் மேலே போனார்கள். ஒரு முட்டைகூட உடையவில்லை என்று பின்னேரம் ஸஹாப்தீன்தான் போன் எடுத்துச் சொன்னார். தன் மனைவி மலை ஏற்றி ஓட்டுவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாராம். "நான் பயந்தது அவங்க ஓட்டுறதைப் பார்க்காததாலதான் டீச்சர்," என்றார்.

இந்த வருடம் நோன்பு தொடங்கியதில் இருந்து ஹமீமா வீட்டுக் கஞ்சியில் ஒரு தூக்குவாளி தினமும் பலாபத்வலைக்குப் போகிறது. ஒருநாள் நானும் அங்கே நின்றேன். பவித்ரன் கையைக் கழுவிவிட்டு வந்து, வாளியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஒவ்வொரு நாளும் எதுக்கு அக்கா?"

"நோன்பு திறக்கிறப்ப அல்லாஹ்கிட்ட கேட்கிற துஆவில உங்க பேரும் இருக்குது தம்பி," என்றார் ஹமீமா. "துஆவில பங்கு இருக்கிறவருக்குக் கஞ்சியில மட்டும் பங்கு இல்லாம எப்படி?"

பவித்ரன் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். உள்ளே போய்க் கோப்பைகள் எடுத்துவந்து, முதலில் எனக்கு ஊற்றித் தந்தார்.