கத்தரீனாளின் பெரட்டு

முற்றத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கத்தரீனாள் அடித்து முடிப்பதற்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். வராதவருக்குக் கட்டன் காப்பி கிடையாது. சமையல்காரி முதற்கொண்டு, கம்பளியும் ஊன்றுகோலுமாகப் பனிக்குள் வரிசையில் நிற்போம்.

“சுவக்கீன் ஐயா!”

“உசுரோடதான் இருக்கேன்.”

“அத நான் பாத்துக்கிடுதேன். வந்தேன்னு மட்டும் சொல்லும்.”

ஏலப்பாறைக்கு மேலே மடத்தார் நடத்தும் விடுதி இது. பட்டாளத்திலிருந்து வந்து ஆதரவில்லாமல் போனவர்களும், அவர்கள் மனைவிமாரும், என்னைப் போல் தாலி இழந்தவர்களும் இருக்கிறோம். கத்தரீனாள் எங்கள் ஆயா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியே முதுகு கூனியவள். குளிப்பாட்டுவாள், நகம் வெட்டுவாள், கஞ்சி ஊட்டுவாள். அதிகாரம் மட்டும் கங்காணியின் அதிகாரம். சோறு குழைந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னதற்குச் சில நாள் என்னோடு பேசவில்லை. குழைந்துதான் இருந்தது, இன்றும் சொல்வேன்.

இந்த ஆள் எண்ணும் பெரட்டு ஏசுரத்தினத்தால் வந்தது. வங்காளதேசச் சண்டை முடிந்த மறு வருஷம். பர்மா வரைக்கும் போய்வந்த சிப்பாய் அவர், நினைவு தப்பிவிட்டது. விடிந்ததும், “ஆள் எண்ணுத நேரமாச்சு” என்று கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கிவிடுவார். அந்த மூடுபனியில் ஜீப் வருவது யாருக்குத் தெரியும்? இரண்டு முறை தப்பினார். இன்னொரு முறை போனால் மனநோய் ஆஸ்பத்திரிதான் என்று மடத்துத் தலைவி மதர் சொல்லிவிட்டார். அங்கே மனைவியைச் சேர்க்கமாட்டார்கள். அவர் மனைவி மதலேனம்மாள் அன்று முழுக்க அவர் சட்டை நுனியை விடவே இல்லை.

“மனுசனக் கட்டியா போட முடியும்? ஆள் எண்ணணும், அவ்வளவுதான? இங்கயே எண்ணுவோம்” என்றாள் கத்தரீனாள். தோட்டத்தில் தினமும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறியவள் அல்லவா! மறுநாளே தண்டவாளத் துண்டு தொங்கியது. ஏசுரத்தினம் நிமிர்ந்து நின்று “ஆஜர்!” என்றார். எண்ணி முடிந்ததும் மனைவியோடு காப்பிக்குப் போனார். அந்த மழைக்காலம் முழுதும் கேட்டுப் பக்கமே போகவில்லை.

மதருக்கு நம்பிக்கை வரவில்லை. “வயசானவங்களப் பனியில நிறுத்தி இதென்ன விளையாட்டு?” என்றார். ஒருநாள் காலையில் தாமே பார்க்க வந்தார். கேட்டைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டுப் படிமேல் நின்றுகொண்டார்.

பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஏசுரத்தினத்தின் முறை வந்தது. அவர் படிப் பக்கம் திரும்பினார். மதரையே பார்த்தார்.

“ஒரு ஆள் வரிசைக்கு வெளிய நிக்கி. இது பெரட்டே இல்ல.”

சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தார். மதலேனம்மாளின் கைக்கு அவர் சட்டை நுனி சிக்கவில்லை.

கத்தரீனாள் அவர் பின்னால் ஓடவில்லை. மதர் பக்கம் திரும்பினாள்.

“அவரு சொல்லுதது ஞாயந்தான மதர்? எறங்கி வாங்க.”

“நானா?”

“பின்ன, நானா படியில நிக்கேன்?”

மதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துச் சேற்றில் இறங்கினார். கடைசி ஆளாக வந்து நின்றார். ஏசுரத்தினம் கேட்டருகே நின்று திரும்பிப் பார்த்தார். அவசரமில்லாமல் வந்து, மதருக்கு அடுத்து நின்றார்.

“ஏசுரத்தினம் ஐயா!”

“ஆஜர்!”

மதர், “நாளைக்கும் நான் வரணுமா?” என்று கத்தரீனாளிடம் மெல்லக் கேட்டார்.

கத்தரீனாள் வரிசையை ஓரக்கண்ணால் அளந்தாள். மதரின் தோளைப் பிடித்து அரையடி பின்னுக்குத் தள்ளி, நேராக நிறுத்தினாள்.