சோழர் வீழ்ந்த கதை சொல்ல வந்த மயூரி

போன மாதம் லிட்கம்மில், எங்கள் பழைய சங்க மண்டபத்தில், ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். மண்டபக் கதவைத் திறந்ததும், தரைக்குப் பூசும் மெழுகின் மணமும் சூடான மட்டன் ரோல்ஸின் மணமும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. உங்களுக்கென்றால் பசி கிளம்பியிருக்கும். எனக்குக் காது சுட்டது. வெட்கம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சுடும்.

பல வருடங்களுக்கு முன், இந்த நாட்டில் வந்து குடியேறிய எங்களுக்கு ஒரேயொரு தமிழ்ச் சங்கம்தான் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆட்கள், மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பங்கள், மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாரும் ஒரே மண்டபத்தில், ஒரே ரோல்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். அப்பா உபதலைவர். நான் அப்போதுதான் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சங்கக் கூட்டங்களில் ரோல்ஸ் தட்டுக்குப் பொறுப்பாளி. பதவி என்று பார்த்தால் அப்பாவுடையதை விட என்னுடையதற்குத்தான் மரியாதை அதிகம்.

மயூரி எங்கள் தெருப் பெண். இங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். சோழப் பேரரசின் கடைசிக் காலம்தான் அவளது ஆய்வு. அவளைப் பேச அழைத்ததே அப்பாதான். "ராஜராஜ சோழன்ர பேரைச் சொன்னாச் சனம் குவியும்," என்றார். அவள் ஆராய்ந்தது வேறு ராஜராஜனை, மூன்றாமவனை. அதை அவர் கவனிக்கவில்லை.

தமிழில்தான் பேசுவேன் என்று மயூரி பிடிவாதமாக நின்றாள். பின்னேரங்களில் எனக்கு ஃபோன் எடுப்பாள். "அக்கா, பியூடல் லோட் எண்டதுக்குத் தமிழில என்ன?" என் தமிழ் பல்லுவலிக்கு மேல் போகாது. குசினியில் சமைத்தபடி அப்பாவைக் கேட்பேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "குறுநில மன்னர்," என்பார். இப்படி அவளுடைய பேச்சில் பாதிச் சொற்கள் அப்பா கொடுத்தவை.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சேலை எப்போது அவிழுமோ என்ற பயத்தோடு மயூரி மைக்கின் முன் நின்றாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். ஆனாலும் நன்றாக விளங்கியது. பாண்டிய நாட்டின் அரியணைச் சண்டைகளில் சோழர் பக்கம் சேர்ந்து தலையிட்டதையும், கடைசியில் ஒரு பாண்டியனே படையோடு வந்து தஞ்சாவூரைக் கொளுத்தியதையும் சொன்னாள். குறுநில மன்னர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, அரசனை ஒரு பொருட்டாக மதிக்காமல் வளர்ந்ததைச் சொன்னாள்.

"மூண்டாம் ராஜராஜனை, அவருக்குக் கீழ இருந்த கோப்பெருஞ்சிங்கனே பிடிச்சு, சேந்தமங்கலத்தில சிறை வைச்சவர். ஹொய்சள ராஜா வந்துதான் விடுவிச்சவர். வெளியில இருந்த எதிரியை விட, உள்ளுக்க நடந்த சண்டைதான்…"

பின்வரிசையில் ஒரு அங்கிள் எழும்பினார். "பிள்ளை, எங்கட ராஜாக்களைக் கேவலப்படுத்தவோ வந்தனீர்?"

இன்னொருவர் சத்தம் போட்டார். "ஆர் இவவைக் கூப்பிட்டது?"

அந்தக் கேள்விதான் அப்பாவை எழுப்பியது. சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தலைவர் பதவிக்கு நின்றார். கேட்டவர் மறுபக்கத்து ஆள். அப்பா மேடைக்கு நடந்தார். அவளுக்குத் துணையாக நிற்கப் போகிறார் என்று நினைத்து, கையில் தட்டோடு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"மன்னிக்கோணும். பிள்ளை இப்பிடிப் பேசப்போறா எண்டு எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தோல்விக் கதை வேண்டாம்."

"அங்கிள், இன்னும் ரெண்டு பக்கம்தான்."

"காணும், நிப்பாட்டும். போய் இரும்."

சிலர் கைதட்டினார்கள். மயூரி தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் ரோல்ஸ் தட்டை நீட்டினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "நோ தாங்க்ஸ், அக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அப்பா தேர்தலில் தோற்றார். தோற்ற கையோடு தன் ஆட்களைப் பிரித்துக்கொண்டுபோய் பிளாக்டவுனில் புதுச் சங்கம் தொடங்கினார். பிறகு அதுவும் உடைந்தது. ஒரே நாளில் மூன்று பொங்கல் விழா. யார் எதற்குப் போனார்கள் என்று மறுநாள் விசாரணை. ஒருமுறை கேட்டேன்.

"மயூரியிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அப்பா?"

"அது அரசியல். உனக்கு விளங்காது." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

எனக்குக் காய்ச்சல் என்றால் விடியும்வரை கட்டிலருகே கதிரை போட்டு இருந்த மனிதர் அவர். இறந்து சில வருடங்களாகின்றன. அவரை நினைத்து வெட்கப்படுகிறேன். அப்படி வெட்கப்படுவதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

மயூரி இப்போது மெல்பேர்னில் விரிவுரையாளர். தாயைப் பார்க்க வந்திருந்தவளைப் பிளாக்டவுன் கடையொன்றில், முருங்கைக்காய்ப் பெட்டியருகே கண்டேன். "எப்பிடி இருக்கிறீர்? எப்ப வந்தனீர்?" என்றேன். சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அப்பாவுக்காக அனுதாபம் சொன்னாள், உண்மையான இரக்கத்தோடு, அதுவும் ஆங்கிலத்தில். நான் தமிழில் கேட்கக் கேட்க அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். கோபமெல்லாம் இல்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சங்கம் போனதற்காக நான் அழவில்லை. ஆனால் பிழை விட்டு, திருத்தி, எங்களுக்காக ஒரு பெண் பேசிய அந்தத் தமிழ் இனி எங்கும் இல்லை. பிரியும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. "பாய், மயூரி," என்றேன்.