பலகையில் எழுதிய காலியிடம்

பந்தல்குடிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஏழு மாதமாகக் கணக்கு ஆசிரியர் இல்லை. இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேலதிகாரி. தலைமை ஆசிரியை வேணி மறுத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தார்.

மறுநாள் பெற்றோர் திரண்டு வந்தார்கள். தனக்குத் துணையாக வந்திருக்கிறார்கள் என்றே வேணி நினைத்தார்.

"மொதல்ல அதை அழிங்க டீச்சர்," என்றார் அவர்களில் ஒருவரான மொக்கையன். "பிள்ளைக சேராமப் போயி ஸ்கூலையே மூடிட்டா நாங்க எங்க போவோம்?"

"உங்க பிள்ளைகளுக்காகத்தானய்யா எழுதினேன்."

வேணி அதை அழிக்கவில்லை. அவரை மாற்றச் சொல்லி அவர்களே மனுக் கொடுத்தார்கள். அதைக் காட்டியே மாற்றல் உத்தரவு வந்தது.

வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று பஸ்ஸில் ஒரு கணம் நினைத்தார். அப்படித் தன்னை நினைக்க வைத்துவிட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.