பரவால்ல என்கிற பதில்

பாண்டீஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அருப்புக்கோட்டையில் ஒற்றை அறை பிடித்து, பிசியோதெரபி என்று பலகை மாட்டியிருக்கிறாள். ஆனால் பாதிப் பொழுது ஸ்கூட்டரில்தான் கழியும். பந்தல்குடியில் ஒரு முழங்கால், காரியாபட்டியில் ஒரு இடுப்பு. போகிற இடமெல்லாம் "தடவி விடுற டாக்டரம்மா" என்பார்கள். "தடவ வரல, உங்கள எந்திரிக்க வைக்க வந்திருக்கேன்" என்பாள்.

இந்தப் பிடிவாதம் அப்பா சங்கையாவைப் பார்த்து வந்தது. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டியவர். கால் முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் வீட்டில் யாரும் அவரை எழவிடவில்லை. சோறு, தண்ணீர், வெற்றிலை எல்லாம் கட்டிலுக்கே வந்தன. பாசத்தில்தான் செய்தார்கள். முழங்கால் இறுகிப்போனது, அவர் மறுபடி மரம் வெட்டவேயில்லை. மதுரைக்குப் போனபோது எதைப் படிப்பது என்று பாண்டீஸ்வரி குழம்பவில்லை.

இந்த மாசியில் அவளை அலைக்கழித்தது முத்துப்பேச்சியின் வலது மணிக்கட்டு. முத்துப்பேச்சி விசைத்தறி ஓட்டுகிறவள். பஸ் படியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, கை திரும்பவில்லை. ஊர்க் கோயிலின் பங்குனிப் பொங்கலுக்குள் வேலைக்கு வராவிட்டால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக முதலாளி சீனிச்சாமி சொல்லியிருந்தார்.

"எப்படி இருக்குக்கா?" என்று தினமும் கேட்பாள் பாண்டீஸ்வரி.

"பரவால்ல தாயி."

அதை நம்பிப் பயிற்சியைக் கூட்டினாள். ஒருநாள் காலை மணிக்கட்டு வீங்கியிருந்தது. அன்றும் அதே "பரவால்ல". கேட்டவர் மனம் கோணக்கூடாதென்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற பதில்தான். இங்கேயே பிறந்த தானும் ஏமாந்ததுதான் அவளுக்கு எரிச்சல்.

பயிற்சியால் மட்டும் வருகிற வீக்கமாக அது தெரியவில்லை. மதியம் தறிக் கொட்டகைக்கே போனாள். முத்துப்பேச்சி தறிமுன் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு அசையவில்லை, தோளைத் தூக்கி, முழங்கையை விரித்து, மொத்த உடம்பும் சேர்ந்து ஒரு முடிச்சுப் போட்டது.

"யாருக்கா உங்கள வரச் சொன்னது?" தறிச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

"சும்மா பழகிப் பாத்தேன் தாயி. கொஞ்ச நாளாத்தான்."

"இப்படியே பழகுனா அடுத்து தோளுக்கும் நான்தான் வரணும்."

சீனிச்சாமி வந்துவிட்டார். "தறி நின்னா எனக்குக் கட்டுப்படியாகாது டாக்டரம்மா."

"தார்க்குச்சியில நூல் சுத்துற மெசின்ல உக்கார வைங்க அண்ணாச்சி. பாரமில்லாத வேல, கையும் பழகும்."

"வைக்கிறேன். ஆனா இந்தத் தறி வேற ஆளுக்குப் போயிரும். கை சரியானதும் இதுதான் வேணும்னு வந்து நிக்கக் கூடாது."

பாண்டீஸ்வரி முத்துப்பேச்சி பக்கம் திரும்பினாள். தறியை விடுவதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். முத்துப்பேச்சி பாதி நெய்த சேலையை விட்டு நகர்ந்தாள்.

"ஊடு நூல் ஓட்டுற நாடா இடப்பக்கம் சிக்கும். வாரவகிட்ட சொல்லிருங்க அண்ணாச்சி."

போய் மெசின்முன் உட்கார்ந்தாள்.

"எந்தக் கையால எடுக்கணும் தாயி?"

"ஒடஞ்ச கையாலதான். மெதுவா."