தலைக்கணக்கில் ஏழாவது ஆள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். எழுதுவதற்கென்று நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அதில் என் மனைவி சாமான் பட்டியல் எழுதித் தீர்த்துவிட்டாள். இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே போனது. என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நான் தினமும் விபூதி பூசுகிறவன், செவ்வாய் வெள்ளி கவுச்சி தொடாதவன். அப்படிப்பட்டவன் ஒரு வீட்டுக்கு ஆசைப்பட்டுச் சாமியைப் பொய்க்கணக்கில் சேர்த்தேன். தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். எங்கள் ரப்பர் தோட்டம் பெடாஸ் பக்கம். காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று, நாலு மூலையிலும் சிதறிக் கிடந்த கூலிக்காரர் லய வீடுகளைப் பிரித்து, எல்லாரையும் ஒரே மேட்டில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி அடித்தார்கள். ஒரே மாதத்தில் எங்கள் மேடு சின்னப் பட்டணமாகிவிட்டது. சனம் பட்டணத்துச் சனம். வீடு கோழிக்கூடு. கூலி மட்டும் பழைய கூலி.

ஏழு தலை இருந்தால் தனி வீடு என்றார்கள். அதற்குக் குறைந்தால் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீடு, நடுவில் ஒரு சாக்குப் படுதா. நாங்கள் இருவர், பிள்ளைகள் நால்வர், ஆக ஆறு. மூத்த பெண் அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தாள். எங்களோடு சேர்க்கப்போவதாகப் பேசப்பட்டவர் பெண்சாதியை இழந்த ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர். கள்ளுக்கடைக் கதவு திறக்கும் முன்பே அங்கே போய் நிற்பவர். மீசை முளைத்த மகன்கள் மூன்று பேர் வேறு. ஒரு சாக்கை நம்பி என் பெண்ணை எப்படித் தூங்க வைப்பேன்?

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது என் மனைவி ஆளுக்கு ஒரு பிடி போட்டுவிட்டு, கடைசியில் முருகனுக்கும் ஒரு பிடி போடுவாள். வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், "சாமியோட ஏழு" என்பாள். ஆள்கணக்கு எடுத்த அன்று எனக்கு அந்தப் பழக்கம் ஞாபகம் வந்தது. 'சாமியோட' என்ற வார்த்தை மட்டும் வாயில் நின்றுவிட்டது.

"ஏழு பேருங்க ஐயா" என்றேன்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நிமிராமல் பேர்களைக் கேட்டு எழுதினார். ஏழாவது பேர் முருகன் என்றேன்.

"வயசு?"

சாமிக்கு என்றும் இளமைதானே? "பதினாறுங்க."

"சம்பளம்?"

"வாங்குறதில்லீங்க."

"பதினாறு வயசுல வேலைக்குப் போகாம வீட்டுல குந்திக்கிட்டுத் திங்கிறானா? சோம்பேறிப் பய!"

நான் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். கொசு அடிக்கிறேன் என்று நினைத்து, கிராணியும் தன் கழுத்தில் ஒன்று அடித்துக்கொண்டார்.

தனி வீடு கிடைத்தது. ஏழு பேர் பட்டியலைக் கதவில் ஒட்டினார்கள். அரிசியும் ஏழு தலைக்கு வந்தது. ஆனால் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் படம் பிடித்து அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று சட்டம். "உங்க பயலக் கூட்டியாய்யா" என்று கிராணி மூன்று முறை ஆள் அனுப்பினார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

"ஏங்க, சாமிக்குக் காய்ச்சல்னு சொன்னா நமக்குல்ல வரும்?" என்றாள் மனைவி. வந்தது. இரண்டு நாள் படுத்தேன்.

மூன்றாம் நாள் காலை போலீஸ் லாரிகள் வந்து மேட்டை வளைத்தன. அவரவர் வீட்டு வாசலில் வரிசையாக நிற்கச் சொல்லி, மலாய்க்கார சார்ஜன் கதவுப் பட்டியலைப் பார்த்து எண்ணினார். ஆறு. திரும்ப எண்ணினார். ஆறுதான்.

"சத்து லாகி மானா?" இன்னொருத்தன் எங்கே என்று கேட்டார்.

பதினாறு வயதுப் பையன் பட்டியலில் இருந்து வாசலில் இல்லையென்றால் அன்று அதற்கு ஒரே அர்த்தம்தான்: காட்டுக்குப் போய்விட்டான். அப்பனுக்கு லாக்கப். வெள்ளைக்கார அதிகாரி வந்தார். பின்னாலேயே கிராணி ஓடி வந்தார், சட்டை முழுக்க வேர்வை.

"செத்துட்டான்னு சொல்லித் தொலைய்யா!" என்று என் காதில் கடித்தார்.

முருகனையா? மனைவி விறுவிறுவென்று உள்ளே போனாள். பூப்போட்ட முருகன் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இவருதாங்க துரை ஏழாவது."

கிராணி தலையில் கைவைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். படம் சரி, ஆள் எங்கே என்று துரை கேட்டார். இத்தனை வருடம் கும்பிட்டும் நான் கேட்காத கேள்வி அது.

"அரிசி வாங்கியிருக்கீங்களே, அது யாருக்குப் போச்சுன்னு கேக்கறாரு" என்றார் கிராணி.

"படைச்சிட்டு நாங்கதாங்க தின்னோம்" என்றாள் மனைவி.

சார்ஜன் உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். அவர் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும். இந்த வீட்டில் அப்படி ஓர் ஆள் கிடையாது என்று எழுதி ரேகை வைக்கச் சொன்னார் துரை. என் கட்டைவிரல் மையில் நனைந்துவிட்டது. காகிதத்துக்குப் போகவில்லை. முருகன் இல்லை என்று எப்படி வைப்பேன்?

மனைவிதான் சொன்னாள்: "இல்லேன்னு எழுதாதீங்க ஐயா. கோயில்ல இருக்காருன்னு எழுதுங்க. அவரு எல்லாருக்கும் பொது. நாங்கதான் எங்க வீட்டோட வச்சுக்கப் பாத்தோம்."

கிராணி அப்படியே எழுதினார். ரேகை வைத்தேன். லாக்கப் தப்பியது. வீடு தப்பவில்லை. அன்று சாயங்காலமே பால்வெட்டுக்காரர் பாய், சட்டி, மூன்று மகன்களோடு வந்து நின்றார். கள் வாடை அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் ஆணியும் சாக்குமாக நின்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மூலையில் என் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, அந்தச் சாக்க மடிச்சு வைங்க. பொம்பளப் புள்ள இருக்கிற வீடு. நானும் பயலுவளும் வெளித் தாழ்வாரத்துல படுத்துக்கறோம்."

"மழை பேஞ்சா?"

"நனையட்டுமே. இவனுவ குளிச்சு நாளாச்சு."

என் பெண் கல்யாணமாகிப் போகும்வரை அந்த நாலு பேரும் உள்ளே பாய் விரிக்கவில்லை. அவர் ஒரு நாளும் கள்ளை விட்டதுமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் ரஹாங்கில் ஒரு கல்யாண வீட்டில் இந்தக் கதையை என்னிடமே ஒருவர் சொன்னார். அவர் கதையில், சார்ஜன் எண்ணும்போது ஏழாவதாக ஒரு பாலகன் வேலோடு வந்து நின்றானாம், துரை சல்யூட் வைத்தாராம். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பால்வெட்டுக்காரர் அந்தக் கதையில் எங்கேயுமே இல்லை.

அதனால்தான் எழுதிவிட்டேன். யாரும் வந்து நிற்கவில்லை. நாங்கள் ஆறு பேர்தான் நின்றோம். படிக்கிற நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது பாலகனைச் சேர்க்காதீர்கள். தாழ்வாரத்தில் படுத்த மனுஷரை எடுக்காதீர்கள், அவர் கள் வாடை உட்பட.